“போய் வருகிறேன்” என்று கரைக்குச் சொல்லுங்கள்

நம்மவர்கள் வீட்டை விட்டுப் புறப்படும்போது “போகிறேன்” என்று சொல்வதில்லை. “போய் வருகிறேன்” என்றுதான் சொல்வோம். பள்ளிக்குக் கிளம்பும் சிறு பிள்ளை வாய் தவறி “போறேன்மா” என்று சொல்லிவிட்டால், திண்ணையில் வெற்றிலை இடித்துக்கொண்டிருக்கும் பாட்டி சும்மா விடமாட்டார். “போயிட்டு வர்றேன்னு சொல்லுடா” என்று திருத்திய பிறகுதான் பிள்ளை படி இறங்க முடியும். திரும்பி வருவேன் என்ற உறுதியை வீட்டில் இருப்பவரிடம் கொடுத்துவிட்டுச் செல்லும் நல்ல பழக்கம் அது.

தரையில் நடக்கும்போது தவறாமல் கடைப்பிடிக்கும் இந்தப் பழக்கத்தைத் தண்ணீரில் இறங்கும்போது பலர் மறந்துவிடுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை விடியலில் நாலு பேர் தூண்டிலும் சோற்றுப் பொட்டலமுமாகக் கிளம்புகிறார்கள். எந்த ஆறு, எந்தப் படகு, எத்தனை மணிக்குத் திரும்புவார்கள் என்று வீட்டில் கேட்டால், “மீன் புடிக்கப் போயிருக்காங்க” என்பதற்கு மேல் பதில் இல்லை. எல்லாம் நல்லபடியாக நடந்தால் இதில் குறையொன்றும் தெரியாது. படகின் எஞ்சின் நடுவழியில் நின்றுவிட்டால்தான், சொல்லாமல் போனதன் விலை தெரியும்.

அன்பு வாசகர்களே, அந்த நேரத்தில் என்ன செய்வது, உதவியை எப்படி அழைப்பது என்பதையே இங்கு எழுதுகிறேன். நான் படகோட்டியும் அல்லள். கடல் படித்தவளும் அல்லள். பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் ஒரு தோட்டத்து ஆசிரியை. ஆயினும் கற்றதையும் கண்டதையும் நாலு பேருக்குச் சொல்லாமல் வைத்திருப்பது ஆசிரியத் தொழிலுக்கு அழகல்லவே.

கடல் கடந்து வந்தவர்கள் நாம்

நம் பாட்டன் பாட்டிமார் கடலைக் கடந்து இந்நாட்டுக்கு வந்தவர்கள். 1926இல் கட்டப்பட்ட ‘ரஜூலா’ கப்பல் ஏறத்தாழ அரை நூற்றாண்டு காலம் சென்னைக்கும் நாகைக்கும் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் இடையே நம்மவர்களை ஏற்றி இறக்கியது. இன்றும் பல வீடுகளில் “எங்க தாத்தா ரஜூலாவுல வந்தவரு” என்ற பேச்சைக் கேட்கலாம்.

ஆனால் கரையேறிய பின் நம் வாழ்வு மரத்தோடும் மலைச்சரிவோடும் ஆனது. விடியுமுன் பெரட்டுக்கு ஓடிய கால்களுக்கு நீந்தப் பழக நேரம் ஏது? பால் வாளி தூக்கிய கைகள் துடுப்பைப் பிடித்ததில்லை. பெர்னாம் ஆற்றங்கரையில் இருந்த சில தோட்டங்களில் படகே போக்குவரத்தாக இருந்ததுண்டு. அங்கு வளர்ந்தவர்கள் தண்ணீரின் குணம் அறிந்தவர்கள். மற்றவர்களில் பெரும்பாலோர்க்கு ஆறும் கடலும் தூரத்துச் சொந்தம்தான்.

இப்போது காலம் மாறிவிட்டது. பால்மரம் நின்ற இடத்தில் செம்பனை நிற்கிறது. பல தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. தோட்டத்துப் பிள்ளைகள் ஈப்போவிலும் சித்தியவானிலும் வேலை பார்க்கிறார்கள். விடுமுறை வந்தால் குடும்பத்தோடு கடற்கரைக்குப் போகிறார்கள். மாசி மகத்தன்று பங்கோர் தீவின் ஸ்ரீ பத்ரகாளியம்மன் ஆலயத்திற்கு, லுமுட் ஜெட்டியிலிருந்து ஃபெரி ஏறிச் செல்லும் நம்மவர் கூட்டத்தைச் சொல்லி முடியாது. பச்சைக் குழந்தையிலிருந்து பல் போன கிழவி வரை எல்லாரும் அன்று கடலைக் கடக்கிறார்கள்.

தண்ணீர் என்றால் ஆசிரியர்களாகிய எங்கள் நெஞ்சு திடுக்கிடுவதற்கு வேறொரு காரணமும் உண்டு. 2009 அக்டோபர் 26ஆம் நாள் இரவு, கம்பாருக்கு அருகே கோலா டிப்பாங்கில் மாணவர் முகாம் ஒன்றின்போது, ஆற்றின் குறுக்கே புதிதாகக் கட்டிய தொங்குபாலம் இடிந்தது. ஆரம்பப்பள்ளிப் பிள்ளைகள் மூவரை ஆறு கொண்டுபோயிற்று. மூவரும் நம் இனத்துப் பிள்ளைகள். அது படகு விபத்து அல்லதான். ஆனாலும் பிள்ளைகளைத் தண்ணீருக்கு அருகில் அழைத்துச் செல்லும் எவரும், அதற்குப் பின் “ஒன்றும் ஆகாது” என்ற சொல்லை அவ்வளவு எளிதாகச் சொல்லிவிட முடியாது.

நடுக்கடலில் நின்ற எஞ்சின்

சில ஆண்டுகளுக்கு முன் மாசி மகம் முடிந்த மறுநாள், நாங்கள் பங்கோரிலேயே தங்கியிருந்தோம். நான், என் வீட்டுக்காரர், இரண்டு பிள்ளைகள், என் தம்பி, அம்மா என ஆறு பேர். தீவைப் படகில் சுற்றிப் பார்க்க வேண்டுமென்று பிள்ளைகள் ஒற்றைக் காலில் நின்றார்கள். கடற்கரையில் சிறு படகு வைத்திருந்த வயதான மலாய்க்காரர் ஒருவரை அமர்த்திக்கொண்டோம். பாக்சிக் என்றே அவரை அழைத்தோம்.

ஏறுவதற்கு முன் எல்லாருக்கும் மிதவைச் சட்டை, அதாவது லைஃப் ஜாக்கெட், கொடுத்தார். “சேலைக்கு மேல இத எப்படிப்பா போடுறது?” என்று அம்மா தயங்கினார். பாக்சிக் சிரித்துக்கொண்டே தாமே வாரை இழுத்து மாட்டிவிட்டுத்தான் மறுவேலை பார்த்தார். பிறகு கரையில் தேநீர்க் கடை வைத்திருந்தவரிடம் போய் ஏதோ பேசிவிட்டு வந்து எஞ்சினைக் கிளப்பினார். அது சாதாரணப் பேச்சு என்றே நாங்கள் எண்ணினோம்.

தீவின் மறுபக்கம் போய்ச் சேர்ந்த சற்று நேரத்தில், எஞ்சின் ஒருமுறை முக்கியது, பின் நின்றுவிட்டது. பாக்சிக் கயிற்றை இழுத்தார். எஞ்சின் உறுமியது, படகு நகரவில்லை. உடனே அணைத்துவிட்டு எஞ்சினைத் தூக்கிப் பார்த்தார். எவரோ கடலில் வீசிய கிழிந்த வலைத்துண்டு விசிறியில் இறுகச் சுற்றியிருந்தது. அதை அறுத்து எடுத்தும் பயனில்லை. விசிறியைத் தண்டோடு பிடித்திருக்கும் சிறு ஆணி முறிந்திருந்தது.

அதற்குள் படகு மெல்ல விலகிப் போய்க்கொண்டிருந்தது. பாக்சிக் பேசாமல் முன்பக்கம் போய் நங்கூரத்தை இறக்கினார். கயிறு நீண்டு, இழுபட்டு, படகு மூக்கைக் காற்றுக்குக் காட்டி நின்றது. என் தம்பிக்கு மட்டும் இருப்புக்கொள்ளவில்லை. “அந்தா கரை தெரியுதே அக்கா, பத்து நிமிஷம் நீந்தினா போதும். நான் போயி ஆளக் கூட்டிட்டு வந்துர்றேன்” என்று சட்டையைக் கழற்றத் தொடங்கினான்.

பாக்சிக் அவன் தோளில் கை வைத்து, “லாவுட் தாக் சாமா டெங்ஙான் கோலாம்” என்றார். கடலும் குளமும் ஒன்றல்ல என்று பொருள். தண்ணீரில் ஒரு மரக்குச்சியைப் போட்டுக் காட்டினார். நங்கூரமிட்டு நின்ற படகை விட்டு அந்தக் குச்சி கண் பார்க்க ஓடியது. கரையை நோக்கி அல்ல, கடலை நோக்கி. தம்பி சட்டையை மறுபடி மாட்டிக்கொண்டான்.

கைப்பேசியில் தொடர்பு வருவதும் போவதுமாக இருந்தது. பிள்ளைகள் அழுதார்கள். அம்மா அவர்களை மடியில் சாய்த்துக்கொண்டு மாரியம்மனை அழைத்தார். ஒன்றரை மணி நேரம் சென்றது. தூரத்தில் ஒரு படகின் சத்தம் கேட்டது. ஆனால் அது பாறைக்கு அப்பால் விலகிப் போவதுபோல் தோன்றியது. அம்மா தம் பையிலிருந்து முதல்நாள் கோயிலுக்கு உடுத்திய மஞ்சள் சேலையை உருவினார். என் வீட்டுக்காரர் அதைத் துடுப்பில் கட்டி உயர்த்தி ஆட்டினார். படகு திரும்பியது.

வந்தவர் பாக்சிக்கின் மருமகன். தேநீர்க் கடைக்காரர் அனுப்பியிருந்தார். கரையில் பாக்சிக் அவரிடம் பேசியது என்ன என்பது அப்போதுதான் விளங்கிற்று: “ஏழு பேர் போகிறோம். இந்தப் பக்கமாகச் சுற்றுகிறோம். ஐந்து மணிக்குத் திரும்பாவிட்டால் ஆளை அனுப்பு.” அன்று நாங்கள் கரை சேர்ந்தது அந்த மூன்று வாக்கியங்களால்தான்.

எஞ்சின் ஏன் நிற்கிறது?

இதன்பின் மீன்பிடிக்கும் தோட்டத்து அண்ணன்மார்களிடமும் எஞ்சின் பழுது பார்ப்பவர்களிடமும் விவரம் கேட்டேன். பெரும் பழுதைவிடச் சின்னக் காரணங்களே அதிகம் என்றார்கள். பயந்து கயிற்றை இழுத்துக்கொண்டே இருப்பதற்கு முன் பார்க்க வேண்டியவை இவை.

முதலாவது, படகோட்டியின் கையிலோ இடுப்பிலோ மாட்டியிருக்கும் சுருள் கயிறு. அது எஞ்சினிலிருந்து கழன்றால் எஞ்சின் தானே நின்றுவிடும். ஓட்டுபவர் தண்ணீரில் விழுந்தால் படகு ஓடிவிடாதிருக்கச் செய்த ஏற்பாடு அது. யாராவது எழுந்து நடக்கும்போது தட்டிவிட்டிருக்கலாம். அதை மாட்டாமல் எத்தனை முறை இழுத்தாலும் எஞ்சின் கிளம்பாது.

இரண்டாவது, எண்ணெய்த் தொட்டி மூடியில் உள்ள சிறு காற்றுத் திருகு. அது மூடியிருந்தால் தொட்டிக்குள் காற்றுப் புகாது, பெட்ரோல் வராது. படகு கொஞ்ச தூரம் நன்றாக ஓடி, பின் மூச்சுத் திணறி நிற்கும்.

மூன்றாவது, எண்ணெய்க் குழாய். அதன் மேல் யாராவது கூடையை வைத்திருக்கலாம், காலால் மிதித்துக்கொண்டிருக்கலாம். குழாயின் நடுவே கையால் அழுத்தும் ரப்பர் உருண்டை இருக்கும். அழுத்த அழுத்த அது இறுக வேண்டும். தொளதொளவென்று இருந்தால் எண்ணெய் வரவில்லை அல்லது காற்றுப் புகுகிறது என்று பொருள்.

நான்காவது, எஞ்சின் ஓடும்போது அதன் பின்புறத்திலிருந்து நூல்போலத் தண்ணீர் பீய்ச்சும். அது நின்றுவிட்டால் எஞ்சினுக்குக் குளிர்ச்சி போகவில்லை. கீழே தண்ணீர் உறிஞ்சும் துளையைப் பிளாஸ்டிக் பை அடைத்திருக்கக்கூடும். உடனே எஞ்சினை நிறுத்தாவிட்டால் சூடேறிக் கெட்டுப்போகும்.

ஐந்தாவது, எங்களுக்கு நேர்ந்தது போன்ற விசிறிச் சிக்கல். கையை விசிறியருகே கொண்டுபோகும் முன் எஞ்சினை அணைத்துச் சுருள் கயிற்றையும் கழற்றிவிட வேண்டும். “நானும் பார்க்கிறேன்” என்று எல்லாரும் பின்பக்கம் கூடினால், பின்புறம் தாழ்ந்து தண்ணீர் ஏறும். ஒருவர் பார்த்தால் போதும். பெட்ரோல் வாடை இருக்கும்போது சிகரெட் பற்றவைப்பது தற்கொலைக்கு ஒப்பாகும்.

எண்ணெய் தீர்ந்து நிற்பது பழுதே அல்ல. அது கணக்குப் பிசகு. போவதற்கு ஒரு பங்கு, வருவதற்கு ஒரு பங்கு, ஆபத்துக்கு ஒரு பங்கு என்று மூன்றாகப் பிரிப்பது கடலோடிகளின் கணக்கு. முதல் பங்கு தீர்ந்ததும், மீன் கடித்தாலும் கடிக்காவிட்டாலும், படகைத் திருப்பிவிட வேண்டும்.

நின்றவுடன் என்ன செய்வது?

முதலில் எல்லாரும் உட்கார வேண்டும். எழுந்து நிற்பவர்களால்தான் சிறு படகு கவிழ்கிறது. மிதவைச் சட்டை அணியாதவர்கள் உடனே அணிய வேண்டும். தண்ணீரில் விழுந்த பின் அதை மாட்டிக்கொள்வது மிகக் கடினம். பிள்ளைகளுக்குப் பெரியவர் சட்டை உதவாது. தோள்பட்டையைப் பிடித்துத் தூக்கிப் பாருங்கள். சட்டை மட்டும் மேலே வந்து பிள்ளை கீழே நழுவினால், அந்தச் சட்டை அவனுக்கு உரியதன்று.

அடுத்தது நங்கூரம். எஞ்சின் பார்ப்பது அதற்குப் பிறகுதான். படகு அடித்துச் செல்லப்படும் ஒவ்வொரு நிமிடமும், தேடி வருபவர்களுக்கு வேலை பெருகுகிறது. நங்கூரத்தை எப்போதும் முன்பக்கத்திலிருந்தே இறக்க வேண்டும். எஞ்சின் பூட்டிய பின்பக்கம் தாழ்வானது. அங்கே கட்டினால் அலையோ ஆற்று வேகமோ அவ்வழியே உள்ளே புகும். தண்ணீரின் ஆழத்தைப்போல் ஐந்து மடங்காவது கயிறு விட்டால்தான் நங்கூரம் நன்றாகப் பிடிக்கும். தரை எட்டாத ஆழமாயின், ஒரு வாளியைக் கயிற்றில் கட்டி முன்பக்கத்திலிருந்து தண்ணீரில் விட்டால், படகின் ஓட்டம் குறையும். மூக்கும் அலையை நோக்கி நிற்கும்.

மூன்றாவது, எக்காரணம் கொண்டும் படகை விட்டுப் போகக் கூடாது. படகு கவிழ்ந்தாலும் அதையே பற்றிக்கொண்டிருங்கள். தேடுபவர் கண்ணுக்குப் படகு தெரியும்; அலைக்கு நடுவே மனிதத் தலை தெரியாது. நீரில் இருப்பவர்கள் ஒருவரையொருவர் அணைத்து, பிள்ளைகளை நடுவில் வைத்துக்கொள்ள வேண்டும். நம் கடல் வெதுவெதுப்பானதுதான். ஆனாலும் உடம்பின் சூட்டைவிடக் குறைந்தது; நெடுநேரம் ஆனால் அதுவும் சூட்டை உறிஞ்சிவிடும். ஆகவே உடுத்திய துணிகளைக் கழற்ற வேண்டாம்.

பேராக் கரையோரத்தில் சேறும் அலையாத்திக் காடும் மிகுதி. தண்ணீர் ஏறுவதைப் ‘பாசாங்’ என்றும் இறங்குவதைச் ‘சூருட்’ என்றும் மீனவர்கள் சொல்வார்கள். சூருட் நேரத்தில் படகு சேற்றில் தரைதட்டினால், இறங்கித் தள்ளப் பார்க்காதீர்கள். இடுப்பளவு சேறு காலை விடாது. ஏறக்குறைய ஆறு மணி நேரத்தில் தண்ணீர் தானாக ஏறிவரும். படகிலேயே காத்திருப்பதுதான் அறிவுடைமை.

வானத்தையும் பார்க்க வேண்டும். ஏப்ரலிலிருந்து நவம்பர் வரையுள்ள மாதங்களில், மலாக்கா நீரிணையின் மேற்கிலிருந்து ‘சுமாத்திரா காற்று’ திடீரென்று வீசும். பெரும்பாலும் விடியலுக்கு முன்னும் காலையிலுமே அது வரும். மீன்பிடிக்கக் கிளம்பும் நேரமும் அதுவே. மேற்கே கரும்பலகைபோல் மேகம் திரண்டால், படகை அவிழ்க்கவே வேண்டாம்.

உதவியை அழைப்பது எப்படி?

நம் நாட்டில் ஆபத்து அவசரத்திற்கு 999 என்ற எண் உண்டென்பது பிள்ளைகளுக்கும் தெரியும். அது போலீசுக்கும் தீயணைப்புப் படைக்கும் மட்டும் உரியது என்று பலர் நினைத்திருக்கிறார்கள். கடலில் ஆபத்து என்றாலும் அதே எண்தான். 2005 நவம்பரில் பணியைத் தொடங்கிய மலேசியக் கடல்சார் அமலாக்க நிறுவனத்திற்கு அங்கிருந்து செய்தி போகும். கடலில் தேடி மீட்பது அவர்கள் கடமைகளுள் ஒன்று.

பேசும்போது அழுது புலம்பி நேரத்தை வீணாக்காமல், ஐந்து செய்திகளைச் சொல்ல வேண்டும். எங்கிருந்து, எத்தனை மணிக்குக் கிளம்பினோம், இப்போது எது கண்ணுக்குத் தெரிகிறது, என்ன ஆயிற்று, எத்தனை பேர், அதில் பிள்ளைகள் எத்தனை, படகின் நிறம் என்ன. மலாய் நன்றாக வராத தாய்மார்கள் இந்த ஒரு வரியையாவது மனப்பாடம் செய்துகொள்ளலாம்: “தோலோங், போட் கமி ரோசாக், கமி ஹன்யுட்.” உதவுங்கள், எங்கள் படகு பழுது, நாங்கள் அடித்துச் செல்லப்படுகிறோம் என்பது இதன் பொருள்.

பேச்சு விட்டுவிட்டு வந்தால் எழுத்துச் செய்தி அனுப்புங்கள். பேச முடியாத இடத்திலிருந்தும் அது சில வேளை போய்ச் சேரும். இருக்கும் இடத்தைக் காட்டும் வசதி கைப்பேசியில் உண்டு. அதைக் கரையில் இருப்பவருக்கு அனுப்பலாம். அதன்பின் ஊரெல்லாம் அழைத்துச் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம். மீட்க வருபவர்கள் திரும்ப அழைக்கும்போது கைப்பேசியில் உயிர் இருக்க வேண்டும். புறப்படும்போதே அதை நல்ல பிளாஸ்டிக் உறையில் கட்டிக் கழுத்தில் மாட்டிக்கொள்வது நல்லது.

பெரிய படகுகளில் வானொலிக் கருவி இருக்கும். அதில் 16ஆம் அலைவரிசை ஆபத்துக்காக எல்லாரும் காது கொடுத்திருக்கும் வரிசை. உயிருக்கு ஆபத்தென்றால் ‘மேடே’ என்று மூன்று முறை சொல்லிப் படகின் பெயர், இடம், ஆபத்து, ஆட்கள் எண்ணிக்கை ஆகியவற்றைச் சொல்ல வேண்டும்.

கருவி ஒன்றும் இல்லையா? கவலை வேண்டாம், கைகள் இருக்கின்றன. ஆனால் ஒற்றைக் கையை ஆட்டாதீர்கள். உல்லாசப் பயணிகள் வணக்கம் சொல்கிறார்கள் என்று எண்ணி, போகிற படகில் இருப்பவரும் கையாட்டிவிட்டுப் போய்விடுவார். இரு கைகளையும் பக்கவாட்டில் நீட்டி, மெதுவாக மேலும் கீழும் உயர்த்தித் தாழ்த்த வேண்டும். உலகெங்கும் கடலோடிகள் அறிந்த ஆபத்துக் குறி இது. பகலில் கண்ணாடித் துண்டால் வெயிலைத் திருப்பிக் காட்டலாம். மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு நிறத் துணியைத் துடுப்பில் கட்டி உயர்த்தலாம். இரவானால் கைவிளக்கை மூன்று முறை குறுகவும், மூன்று முறை நீளவும், மீண்டும் மூன்று முறை குறுகவும் காட்டலாம். ஊதலின் ஓசை மனிதக் குரலைவிடத் தூரம் போகும், தொண்டையும் வற்றாது.

உதவி வந்துவிட்டால் ஆபத்து தீர்ந்தது என்று எல்லாரும் ஒரே பக்கம் ஓடாதீர்கள். கரை சேரும் நேரத்தில் படகைக் கவிழ்ப்பது இந்த ஓட்டந்தான். கயிற்றைப் படகின் முன்பக்க வளையத்தில் கட்ட வேண்டும். உட்காரும் பலகையில் கட்டக் கூடாது. கயிற்றைக் கையில் சுற்றிப் பிடிக்கக் கூடாது. இழுக்கும்போது கயிற்றுக்கு நேராக எவரும் உட்கார வேண்டாம். அறுந்தால் சாட்டைபோல் அடிக்கும். கொஞ்சம் பின்தள்ளி உட்கார்ந்து, மெதுவாக இழுக்கச் சொல்லுங்கள்.

கடலில் ஒரு தருமம்

கடலில் ஆபத்தில் இருப்பவரைக் கண்டால் இன்னார் இனியார் என்று பாராமல் உதவ வேண்டும் என்பது மீனவர்களின் பழைய தருமம். 1982ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் கடல் சட்ட ஒப்பந்தமும் அதைக் கப்பல் தலைவர்களின் கடமையாக வகுத்திருக்கிறது.

அந்தத் தருமத்தால் பிழைத்தவர்களில் நம் இனத்தவரும் உண்டு. 1986 ஆகஸ்ட் 11ஆம் நாள் கனடாவின் கிழக்குக் கோடியில், நியூஃபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால், மூடுபனி சூழ்ந்த கடலில் இரண்டு உயிர்காப்புப் படகுகள் மிதந்துகொண்டிருந்தன. இலங்கையில் நடந்த கொடுமைக்குத் தப்பி, ஜெர்மனியிலிருந்து கப்பலேறி வந்த 155 தமிழர்கள் அவற்றில் நெருக்கியடித்து அமர்ந்திருந்தார்கள். அழைத்து வந்த கப்பல் அவர்களை நடுக்கடலில் இறக்கிவிட்டுப் போய்விட்டது. அவர்கள் அங்கே இருப்பது கரையில் எவருக்கும் தெரியாது. ஆகையால் தேடி ஒருவரும் வரவில்லை. மீன்பிடிக்க வந்த கஸ் டால்டன் என்னும் படகுத் தலைவர் தற்செயலாக அவர்களைக் கண்டார். தொழிலை விட்டுவிட்டு அவர்களைத் தம் படகில் ஏற்றினார். கடலோரக் காவல் படைக்கும் செய்தி சொன்னார். 155 பேரும் உயிரோடு கரை சேர்ந்தார்கள்.

தமிழகத்தில் வேறு விதமாக முடிந்த கதையும் உண்டு. 2017 நவம்பர் 30 அன்று கன்னியாகுமரியை ஒட்டி ஒக்கிப் புயல் வீசியது. பல நாள் தொழிலுக்காக ஆழ்கடல் போயிருந்த படகுகளுக்கு எச்சரிக்கை போய்ச் சேரவில்லை. கரையிலிருந்து பேசினால் அவ்வளவு தூரம் எட்டாது. தமிழகத்திலும் கேரளத்திலும் நூற்றுக்கு மேற்பட்ட மீனவர்கள் திரும்பவே இல்லை. கடலை நன்கறிந்த வீரர்கள் அவர்கள். குறை அவர்கள் திறமையில் இல்லை. கரைக்கும் கடலுக்கும் இடையே பேச்சு அறுந்திருந்ததே குறை. அதற்குப் பின்னரே, செயற்கைக்கோள் வழியாக எச்சரிக்கை பெறும் கருவிகளைப் படகுகளில் பொருத்தும் ஏற்பாடு நடந்தது.

முந்தையவர்களைக் காத்தது தற்செயல். தற்செயலை நம்பிப் பிள்ளைகளைப் படகேற்ற முடியுமா?

கரைச் சீட்டு

எங்கள் பள்ளியில் பிள்ளைகளுக்கு நான் ஒரு பயிற்சி கொடுத்து வருகிறேன். அதற்குக் ‘கரைச் சீட்டு’ என்று பெயர் வைத்திருக்கிறோம். பயிற்சிப் புத்தகத்திலிருந்து கிழித்த காகிதம் போதும். அதில் ஐந்தே வரிகள்: யார் யார் போகிறோம், எந்தப் படகு, என்ன நிறம், எங்கிருந்து எங்கே போகிறோம், எத்தனை மணிக்குத் திரும்புவோம், அந்த நேரம் கடந்தால் யாரை அழைப்பது. அப்பா மீன்பிடிக்கக் கிளம்பும்போது பிள்ளையே கேட்டு எழுதிச் சாமி மாடத்தருகே ஒட்டிவைக்க வேண்டும். அப்பா வந்ததும் கிழித்துப்போடலாம்.

“எங்கப்பா முதல்ல சிரிச்சாரு டீச்சர். இப்ப அவரே ‘சீட்டு எழுதிட்டியா’ன்னு கேக்குறாரு” என்று ஐந்தாம் வகுப்புப் பெண்ணொருத்தி வந்து சொன்னாள். படிக்கத் தெரிந்த பிள்ளை வீட்டுக்கு விளக்கு என்பது இதுதான்.

இந்தச் சீட்டுக்கு ஒரு நிபந்தனை உண்டு. சொன்ன நேரத்திற்குத் திரும்பினால் தெரிவிக்க வேண்டும். திட்டம் மாறினாலும் தெரிவிக்க வேண்டும். இல்லாவிட்டால் வீட்டிலுள்ளவர்கள் வீணாக அஞ்சுவார்கள். அடுத்த முறை சீட்டை மதிக்கவும் மாட்டார்கள். அதேபோல், குறித்த நேரம் கடந்தும் ஆளைக் காணவில்லையென்றால், “இன்னும் கொஞ்ச நேரம் பார்ப்போம்” என்று தாய்மார்கள் இருட்டும்வரை காத்திருக்க வேண்டாம். வெளிச்சம் இருக்கும்போதே 999க்குச் சொல்லிவிடுங்கள். பிறகு அவர்கள் சிரித்துக்கொண்டே வந்து இறங்கினால், வந்து சேர்ந்தார்கள் என்று மறுபடியும் அழைத்துச் சொன்னால் ஆயிற்று. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

படகுக்காரரிடம் கேட்கவும் கூச்சப்பட வேண்டாம். மிதவைச் சட்டை எல்லாருக்கும் உண்டா? துடுப்பு, நங்கூரம், கயிறு, தண்ணீர் இறைக்கும் வாளி இருக்கின்றனவா? எண்ணெய் எவ்வளவு? கரையில் யாரிடம் சொல்லியிருக்கிறீர்கள்? நல்ல படகோட்டிக்கு இந்தக் கேள்விகளால் கோபம் வராது. கோபம் வந்தால், அந்தப் படகில் ஏறாமல் கரையில் நின்று கடலை வேடிக்கை பார்த்துவிட்டு வீடு திரும்புங்கள்.

வரும் விடுமுறையில் உங்கள் வீட்டிலும் யாராவது ஆற்றுக்கோ தீவுக்கோ கிளம்பக்கூடும். புளிச்சோறு கட்டும்போதே ஒரு துண்டுக் காகிதத்தையும் பென்சிலையும் எடுத்து வையுங்கள். வீட்டில் எழுதத் தெரிந்த மிகச் சின்னப் பிள்ளை எதுவோ, அதன் கையில் அவற்றைக் கொடுங்கள். முதல் கேள்வியை அதுவே கேட்கட்டும்: “எத்தனை மணிக்குத் திரும்பி வருவீங்க?”